பேனா இருக்கா சார்?

உங்கள் வரவேற்பறையில் நிறுத்தியிருக்கும் வரிசைக் கம்பங்கள் எங்கள் கம்பெனிச் சரக்கு. நுழைந்ததுமே கவனித்தேன். மூன்றாவது கம்பத்தின் நாடா உள்ளே போகாமல் நாக்கு மாதிரித் தொங்குகிறது. சுருளில் தூசி அடைத்திருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். புகாராகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாத சுபாவம் எனக்கு.

நீங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். மூலையில் முக்காலியின் மேல் ஒரு கேமரா நிற்கிறது. பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். பதிவாகட்டும். வருடத்துக்கு நூற்றுப் பத்து தடவை உங்கள் குடிவரவு இலாகாவின் கேமரா முன்னால் நிற்பவன் நான். நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள். இடையில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்கத் தைரியம் வருமா என்று தெரியவில்லை.

நான் வரிசைகளை விற்பவன். நாடா வைத்த கம்பம், டோக்கன் கொடுக்கும் இயந்திரம், நம்பர் காட்டும் பலகை. ஆஸ்பத்திரி, வங்கி, அரசாங்க அலுவலகம் என்று எங்கே கூட்டம் சேருமோ அங்கே எங்கள் சரக்கு நிற்கும். வாடிக்கையாளர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “மனுஷனுக்குக் காத்திருக்கறது கஷ்டமில்ல சார், எங்க நிக்கணும்னு தெரியாததுதான் கஷ்டம்.” நன்றாக எடுபடும். போன வாரம் வரைக்கும் ஒன்பது வருடமாக நான் வரிசையில் நின்றதே இல்லை.

நம் ஊரிலும் வெளிநாட்டிலும் விமான நிலையத்தில் செல்லும் விரைவு வழி அட்டை கிடைத்த நாள் நினைவிருக்கிறது. பாஸ்போர்ட்டை வைத்தால் முதல் கண்ணாடிக் கதவு திறக்கும். உள்ளே போனதும் அது பின்னால் மூடிக்கொள்ளும். திரையில் மூன்று கேள்விகள். விரலால் தொட வேண்டும், கேமராவைப் பார்க்க வேண்டும், பச்சை விளக்கு எரியும், முன்கதவு திறக்கும். மொத்தம் பதினொரு விநாடி. வெளியே வரும்போது ஆள் ஓர் அங்குலம் உயர்ந்திருப்பான். இடதுபக்கம் சாதாரண வரிசை. நாலு மடிப்பாக, தூங்கும் குழந்தைகளோடு, கழற்றிய பெல்ட்டோடு, வாயில் பாஸ்போர்ட்டைக் கவ்விக்கொண்டு நிற்பார்கள். அங்கே இருந்து எப்போதும் ஒரு குரல் கேட்கும்: “பேனா இருக்கா சார்?” படிவம் நிரப்பப் பேனா கொண்டுவராத ஜனங்கள். அவர்களைப் பார்த்து நான் ஒருபோதும் சிரித்ததில்லை. பார்வையை விலக்கிக்கொள்வேன். அதுதான் மரியாதை.

எங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவருக்குக் ‘கோட்டு’ என்று பெயர். வெயிலிலும் கழற்ற மாட்டார். வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திரையின் மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று தொட்டுவிட்டார். ‘பிறருக்குச் சொந்தமான பொருள் எதையும் எடுத்து வருகிறீர்களா?’ என்பது அந்தக் கேள்வி. பொட்டலத்தைப் பிரித்தால் சுவர்க் கடிகாரம். ஆனாலும் பொய் பொய்தான், அட்டை ஆயுளுக்கும் ரத்து. அடுத்த மாதம் அவரைச் சாதாரண வரிசையில் பார்த்தேன். கோட்டு கைமேல் தொங்கியது. முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டார் என்பது காதில் விழவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அன்றிரவு என் அட்டையை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பயம் வந்தவனுக்குத்தான் நான் இனிமேல் சொல்லப்போவது விளங்கும்.

என் மனைவியின் தம்பி எங்கள் கம்பெனியிலேயே டோக்கன் இயந்திரம் பொருத்துகிறவன். நான்தான் சேர்த்துவிட்டேன். எதையும் மெதுவாகச் செய்வான், சரியாகச் செய்வான். வீட்டில் ‘நிதானம்’ என்று கூப்பிடுவோம். போன வருடம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அவனையும் அழைத்துப் போனேன். அவனுக்கு அதுதான் முதல் விமானம்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். கிளம்பும் காலையில் என் மனைவி நீல நிற மருந்துப் பையைத் தானே கட்டினாள். ஜிப் பழுது, அதனால் தன் தலைமுடி ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றினாள். உள்ளே பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசி மூன்று, ஊசிமுனைகள், ஒரு குளிர்பொதி. பேனா என்றுதான் வீட்டில் சொல்வோம். “டேய், பேனா போட்டுக்கிட்டியா?” என்று கேட்காமல் அவள் அவனுக்குச் சோறு போட்டதே கிடையாது.

“ஊசியெல்லாம் இருக்கே அத்தான், ஏர்போர்ட்டுல பிடிச்சுக் கேள்வி கேட்டா என்ன சொல்றது?” என்றான்.

“எங்கிட்ட குடு மாப்ள. எம் பையை எவனும் திறக்க மாட்டான்.”

“பெரிய மந்திரி இவரு” என்றாள் என் மனைவி. “இங்க பாருங்க. அவனை விட்டுட்டு நீங்க பாட்டுக்கு முன்னால ஓடிடாதீங்க.”

“என் வரிசை வேற, அவன் வரிசை வேற. அதுக்கு நான் என்ன பண்றது?”

“அந்தப் பக்கம் போய் நில்லுங்க. அவன் வர்ற வரைக்கும் நின்னா உங்க மானம் ஒண்ணும் கப்பல் ஏறிடாது.”

நிதானம் சிரித்தான். “விடுக்கா. அத்தான் பச்சை லைட்டுல போற ஆளு. நாம டோக்கன் வாங்கி வரணும்.”

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்களுக்குள் எந்த விரோதமும் இல்லை என்பதற்காக. எனக்கு அவனைப் பிடிக்கும்.

வருகைப் படிவங்களை இருவருக்குமாக நானே என் போனில் நிரப்பினேன். அதில் சின்னப் பிசகு நேர்ந்தது. அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் அப்பா பெயரையும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயரையும் போட்டுவிட்டேன். முன்னெழுத்தை விரித்து எழுதச் சொன்னால் நம்மவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான். ஆறு வருடம் முன்னால் காலமான என் மாமனார் வியாபார விஷயமாக வந்து இறங்கியிருப்பதாகப் பதிவாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது தெருமுனை தாண்டாத மனிதர்.

இறங்கினோம். அவன் இடதுபக்கம் போனான். நான் கண்ணாடிக் கதவுக்குள் போனேன். முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி, மூன்றாம் கேள்வி. ‘இல்லை’ என்று விரல் தொட்டுவிட்டது. நான் தொட்டேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஒன்பது வருடமாக அந்த விரல் அந்த இடத்தைத்தான் தொடுகிறது. கதவு திறந்து நாலடி நடந்த பிறகுதான் என் கைப்பையில் நீலப் பை இருப்பது நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து “அத்தான்” என்று கூப்பிட்டான். மண்டபம் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. தோளில் யாரோ கைவைத்தது போலிருந்தது. அப்படியே நடந்தேன்.

பெட்டிக்காகக் காத்திருந்தபோது சீருடை போட்ட ஒருவர் வந்தார். வயதானவர், நல்ல மாதிரி. “சார், ஒரு நிமிஷம் வரீங்களா” என்று அழைத்துப் போனார். ஒரு நடைபாதை, அதன் கடைசியில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. உள்ளே நிதானம் உட்கார்ந்திருந்தான். முன்னால் மேஜையில் இரண்டு பந்துமுனைப் பேனாக்கள் கிடந்தன. கதவின் உட்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஒரு தகடு மட்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று கையைத் தூக்கினான். எல்லாம் சரியாகிவிட்டது என்கிற சிரிப்பு.

“படிவத்துல ஒரு பேரு, பாஸ்போர்ட்டுல ஒரு பேரு. விசாரிச்சா உங்களைக் காட்டறாரு. அக்கா வீட்டுக்காரர்ங்கறாரு. எங்க பாஷை அவருக்குச் சரியா வரல. பேனா உங்ககிட்ட இருக்குன்னே திரும்பத் திரும்பச் சொல்றாரு. நாங்க ரெண்டு குடுத்துட்டோம், வேண்டாம்னு தள்ளிவிடறாரு” என்றார். அவருக்கே சிரிப்பு வந்தது. “உங்களுக்கு இவரைத் தெரியுமா?”

அந்த இடத்தில் பேனா என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். தெரியும் என்றால் பையைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்றாவது கேள்விக்குச் சொன்ன ‘இல்லை’ பொய்யாகிவிடும். அப்புறம் நானும் கோட்டும் ஒன்று. அவ்வளவு பயத்தை நான் வாழ்நாளில் அறிந்ததில்லை.

“தெரியாது” என்றேன்.

பெரியவர் நம்பிவிட்டார். என் அட்டையை அவர் பார்த்திருந்தார். அந்த அட்டை வைத்திருப்பவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான்? நான் சட்டைப்பையிலிருந்து என் பேனாவை எடுத்து, “வேணும்னா இதைக் குடுங்க. திருப்பித் தர வேண்டாம்” என்றேன். அவர் வாங்கிக்கொண்டு, “நல்ல மனசு சார் உங்களுக்கு” என்றார். கண்ணாடிக்குப் பின்னால் நிதானம் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, அவன் எதையும் செய்வது போலவே மெதுவாக, இறங்கியது.

அடுத்த விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதுதான் வழக்கம். சாயங்காலம் வீட்டில் இருப்பான், அக்காவிடம் திட்டு வாங்குவான், அதோடு முடிந்தது. அடுத்த விமானம் மூன்றாம் நாள்தான் என்பதை ஓட்டலில் போய்த்தான் பார்த்தேன்.

மருந்தை நான் அலட்சியமாக விட்டுவிடவில்லை. உள்ளே இருந்த தாளைப் படித்தேன். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்றிருந்தது. அறையின் சின்ன ஃபிரிட்ஜில் தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துவிட்டு அங்கே வைத்தேன். உறைந்துவிடக் கூடாது என்று குளிரைக் குறைத்தேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். இரண்டு நாளும் சரியான பதத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இயந்திரத்தை நானே ஓட்டிக் காட்டினேன். பொருத்துகிறவர் எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். அதில் பொய் இல்லை. சுற்றிலும் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பாவம் என்று தலையாட்டினார்கள். ‘காத்திருக்கறது கஷ்டமில்ல சார்’ என்ற என் வாக்கியத்துக்கு அன்று கைதட்டல் கிடைத்தது.

இரண்டாம் நாள் மதியம் மனைவி செய்தி அனுப்பினாள். ‘தம்பி போன் எடுக்க மாட்டேங்கறான். பக்கத்துல இருக்கானா?’

‘தூங்குகிறான்’ என்று பதில் போட்டேன்.

‘பேனா போட்டுக்கிட்டானா?’

கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினேன். பின்னால் வந்த மருத்துவ அறிக்கையின்படி அவன் நினைவு தப்பியது ஏறக்குறைய அந்த நேரம்தான். ஆக, தூங்குகிறான் என்று நான் சொன்னதும் பெரிய தவறில்லை.

மூன்றாம் நாள் காலை அவனை விமானத்தில் ஏற்றுவதற்காக எழுப்பினார்கள். எழவில்லை.

அந்த அறிக்கையில் ஒரு வரி உண்டு: ‘முதலில் பேனா கேட்டார். பின்னர் மருந்து என்கிறார். தெரியாத நபரை உறவினர் என்கிறார். வாந்தி எடுக்கிறார். நடிப்பதாகத் தோன்றுகிறது.’ எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்தில் பொய் சொன்னவன் மற்றதிலும் சொல்லுவான் என்று நினைப்பது இயல்புதானே.

அவன் பொருட்களை ஒளி ஊடுருவும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். செருப்பு, பெல்ட், போன், ஸ்குரூ டிரைவர் செட், என் பேனா. என் மனைவி அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள். அழவில்லை. “நீலப் பை எங்கங்க?” என்று கேட்டாள். அவனைத் தனி வாசலில் அனுப்பியதால் நான் பார்க்கவே இல்லை, பையை அவனிடம்தான் கொடுத்திருந்தேன், வாடிக்கையாளர் வேலையில் அலைந்ததில் அவன் வேறு அறையில் தூங்குவதாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். நம்பினாள். நம்பாமல் அவள் எங்கே போவாள்? “அவங்கதான் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க. என் ரப்பர் போட்டுக் கட்டியிருந்தேங்க” என்றாள். அந்த நாட்டில் உங்கள் இலாகா போன்ற இலாகாவுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுத வேண்டும் என்றாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். ‘ஓர் உயிரின் அலறலைக் கேட்கச் செவியில்லாத அதிகார மெத்தனம்’ என்று ஒரு வரி நன்றாக விழுந்திருந்தது. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

இதற்குப் பிறகுதான் விநாடிகள் கூட ஆரம்பித்தன.

அடுத்த பயணத்தில் பதினான்கு. கணக்குத் தப்பியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்து பத்தொன்பது. அப்புறம் இருபத்தாறு. முன்னும் பின்னும் கண்ணாடி மூடிய அந்த இடம் இரண்டடிக்கு மூன்றடி இருக்குமா? உள்பக்கம் கைப்பிடி இல்லை, அதையும் அப்போதுதான் கவனித்தேன். கேமராவின் கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரியும், அதற்குப் பின்னால் மண்டபம் தெரியும், நாலு மடிப்பு வரிசை தெரியும். அதில் யாராவது கையைத் தூக்கியபடி நிற்கிறார்களா என்று பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். கண்ணாடி சத்தத்தை மறைத்துவிடும் என்பார்கள். எனக்கு ஒரு சொல் மட்டும் கேட்கும். தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. கோட்டு என்னைப் பார்த்து, “என்னப்பா, துணி காயப்போட்ட கம்பி மாதிரி ஆயிட்டே” என்றார்.

போன வாரம் நாற்பது விநாடி ஆனது. நாற்பத்தொன்றாவது விநாடியில் சிவப்பு விளக்கு. திரையில், ‘முகம் பொருந்தவில்லை’. பின்கதவு மட்டும் திறந்தது. சாதாரண வரிசையில் போய் நின்றேன். ஒன்றே முக்கால் மணி நேரம். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, “பேனா இருக்கா சார்?” என்றாள். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். ‘முக அடையாளம் தொடர்பாக நேரில் வரவும்.’ புரிந்துகொண்டேன். இயந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

இதோ அந்தப் பை. பத்து மாதமாக என் அலுவலக ஃபிரிட்ஜில் இருந்தது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று என் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். ரப்பரை அவிழ்க்காதீர்கள், அவள் முடி இரண்டு அதில் சிக்கியிருக்கிறது. இன்று உங்கள் வாசலில் காவலாளி கேட்டார், பிறர் பொருள் ஏதாவது உண்டா என்று. உண்டு என்றேன். முதல் தடவையாக. மனசு லேசாகிவிட்டது.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த மருந்துத் தாளின் கடைசிப் பத்தியையும் முதல் நாள் சாயங்காலமே படித்தேன். ஊசி தவறினால் என்ன ஆகும், எத்தனை மணி நேரத்தில் ஆகும் என்று எழுதியிருந்தது. தெளிவான பாஷை. அதைப் படித்த பிறகுதான் ஃபிரிட்ஜின் குளிரைச் சரிசெய்தேன். விமான நிலையம் அங்கிருந்து இருபது நிமிடம். தெரியாமல் நடந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். தெரியாது என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

நான் முடித்துவிட்டேன். நீங்கள் சொல்ல வந்ததை இப்போது சொல்லலாம்.

“சார், புதுசா ஒரு போட்டோ எடுக்கத்தான் வரச்சொன்னோம். நீங்க ரொம்ப எளச்சுட்டீங்க. அதனாலதான் மெஷினுக்கு அடையாளம் தெரியல.”

அப்படியா. போட்டோ. ஆமாம், கேமராவின் ஒயர் சொருகாமல் தரையில் கிடக்கிறது. முன்பே கவனித்திருக்க வேண்டும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். சொன்னதையெல்லாம் எழுதித் தரச் சொல்கிறீர்கள், சரி, எழுதித் தருகிறேன். உங்களிடம் பேனா இருக்கிறதா? இந்தப் பையில் மூன்று இருக்கின்றன, ஒன்றும் எழுதாது.

போலீஸ் வரும்வரை வெளியே டோக்கன் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்கள். அந்த இயந்திரம் நிதானம் பொருத்தியது, அவன் கைவேலை எனக்குத் தெரியும். உள்ளே வரும்போதே ஒன்று எடுத்தேன், எண்பத்தேழு; உங்கள் கடிதத்தைப் பார்த்து முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். பலகையில் இப்போதுதான் முப்பத்தொன்று ஓடுகிறது. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். யாரும் கேட்காமல், நானாக முன்வந்து ஒப்புக்கொண்டவன். ஒன்பது வருட உறுப்பினர். என்னைப் போன்றவர்களுக்கென்று தனி வழி ஏதாவது வைத்திருப்பீர்கள் அல்லவா.